வயிறு சொல்வது பொய்யல்ல

கிருமியே இல்லாத எலி என்று ஒன்று உண்டு. காற்று, தண்ணீர், தீனி, படுக்கை என எல்லாமே கிருமி நீக்கிய கூண்டுக்குள் பிறந்து அங்கேயே வளரும். அதன் குடலில் ஒரு பாக்டீரியாகூட இருக்காது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓலுஃப் பெடர்சன் தலைமையிலான குழு, இப்படிப்பட்ட எலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தது. ஒரு கூட்டத்துக்கு ஆரோக்கியமான பெண்களின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாவைக் கொடுத்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு, அனோரெக்சியா நெர்வோசா என்ற நோயால் உணவை ஒதுக்கி ஒதுக்கி உடல் வற்றிப்போன பெண்களின் மலத்திலிருந்து எடுத்ததைக் கொடுத்தார்கள். பிறகு இரு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி, வழக்கத்தைவிடக் குறைவாகத் தீனி வைத்தார்கள்.

நோயாளிகளின் பாக்டீரியாவைப் பெற்ற எலிகள் ஆரம்பத்தில் அதிகமாக இளைத்தன. இழந்த எடையைத் திரும்பப் பிடிக்கவும் மெதுவாகவே முடிந்தது. மூளையில் பசியை ஆளும் ஹைப்போதலாமஸ் பகுதியில், பசியை அடக்கும் மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தன. கொழுப்பை எரித்து வெப்பமாக்கும் மரபணுக்களும் கொழுப்புத் திசுவில் அதிகம் விழித்திருந்தன. 77 நோயாளிகளையும் நோயில்லாத 70 பெண்களையும் வைத்து நடந்த பெரிய ஆய்வின் ஒரு பகுதி இது. 2023-ல் 'நேச்சர் மைக்ரோபயாலஜி' இதழில் வெளியானது.

எலிக்குக் கண்ணாடி முன் நின்று தன்னைக் குறை சொல்லத் தெரியாது. ஒல்லியாக இருந்தால்தான் அழகு என்று எந்த விளம்பரமும் அதனிடம் சொல்லவில்லை. பட்டினியை அந்த உடல் எப்படித் தாங்குகிறது என்பதை மாற்ற, ஒரு மனிதக் குடலிலிருந்து வந்த நுண்ணுயிர்களே போதுமாக இருந்தன.

நம்பப்படாத வாக்கியம்

வீட்டில் ஒரு பெண் சாப்பாட்டை ஒதுக்க ஆரம்பித்தால் நாம் என்ன சொல்வோம்? அடம், வீம்பு, திமிர், செல்போன் பார்த்துக் கெட்டுப்போச்சு. சிலர் கண்ணு பட்டிருக்கிறது என்று திருஷ்டி கழிப்பார்கள். சிலர் பூச்சி மருந்து கொடுப்பார்கள். பையனாக இருந்தால் நோய் என்ற எண்ணமே வராது. ஜிம்முக்குப் போகிறான், கட்டுப்பாடாக இருக்கிறான் என்று பெருமைப்படுவதும் உண்டு.

இதற்கிடையில் பிள்ளை ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கும். "முடியலம்மா, ரெண்டு வாய் வெச்சதுமே நெஞ்சு வரைக்கும் நிக்குது, வயிறு உப்பிக்கிட்டு வருது." அதை யாரும் நம்புவதில்லை. சாக்கு என்று தள்ளிவிடுகிறோம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் தள்ளினார்கள். கடந்த பதினைந்து இருபது ஆண்டுகளில் குடல் பாக்டீரியா பற்றி நடந்துவரும் ஆய்வுகள், அந்த வாக்கியத்தை மறுபடி காதுகொடுத்துக் கேட்கச் சொல்கின்றன. இந்த ஆய்வுகளின் பெரிய பயன் இப்போதைக்கு இதுதான் என்று நினைக்கிறேன். மருந்து இன்னும் கைக்கு வரவில்லை.

உண்ணல் கோளாறு என்பது ஒரே நோயல்ல. அனோரெக்சியாவில் உணவு படிப்படியாகக் குறையும், எடை ஆபத்தான அளவுக்கு இறங்கும். லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1873-ல் இதைப் பற்றிப் பேசி, மறு ஆண்டு வெளிவந்த கட்டுரையில் பெயர் வைத்தார். புலிமியாவில் அடக்க முடியாமல் அளவுக்கு மீறித் தின்பதும், பிறகு வாந்தி எடுத்தோ பேதி மாத்திரை போட்டோ அதை வெளியேற்றுவதும் மாறி மாறி நடக்கும். 1979-ல் லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் இதற்குப் பெயர் வைத்து விவரித்தார். மூன்றாவது வகையான மிகைத் தீனியில் அளவு மீறித் தின்பது மட்டும் உண்டு, வெளியேற்றுவது இல்லை. எடையைப் பார்த்து நோயைக் கணிக்க முடியாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். புலிமியா உள்ள பலர் பார்வைக்குச் சராசரி உடம்போடுதான் இருப்பார்கள்.

மனநோய்களில் உயிரை அதிகம் பறிப்பவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வந்த கணக்கு, ஆண்டுக்கு ஆயிரம் நோயாளிகளில் சுமார் ஐந்து பேர் இறப்பதாகவும், அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்றும் சொன்னது. வீம்பு என்று பெயர் வைத்து ஒதுக்கக்கூடிய விஷயம் இல்லை இது.

வெள்ளைக்காரர்களின் நோய், பணக்காரப் பெண்களின் நோய் என்று சொல்வதும் தவறு. சென்னையில் 1990-களில் டாக்டர் சீனிவாசனும் சகாக்களும் 210 மருத்துவ மாணவர்களிடம் விசாரித்தபோது, முழு நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும் உணவையும் உடலையும் பற்றிய தவிப்பில் இருந்தவர்கள் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு இருந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் குழந்தை மனநலப் பிரிவில் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, உண்ணல் கோளாறோடு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அனோரெக்சியாவோடு வரவில்லை. சாப்பிட்டதும் வாந்தி, உடலில் வேறு காரணம் எதுவும் பிடிபடவில்லை என்று வந்தவர்களே அதிகம். நம் பிள்ளைகளின் துயரம் வயிற்றின் வழியாகப் பேசியிருக்கிறது.

ஹாங்காங்கிலும் இதே கதை. மனநல மருத்துவர் சிங் லீ 1993-ல் 70 அனோரெக்சியா நோயாளிகளைப் பற்றி எழுதினார். பாடப்புத்தகப்படி இந்த நோய்க்கு அடிப்படை 'குண்டாகிவிடுவேனோ' என்ற பயம். ஆனால் அந்த 70 பேரில் 41 பேருக்கு அந்தப் பயமே இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் அவர்களில் பலர் சொன்ன பதில்: மேல்வயிறு உப்பிக்கொள்கிறது. பாடப்புத்தகத்துக்கு ஒத்துவராத இந்தப் பதிலைப் பண்பாட்டு வேறுபாடு என்று விளக்கினார்கள். அது சரியாகவும் இருக்கலாம். குடலே அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று சோதித்துப் பார்க்க அன்று கருவிகள் இல்லை.

மலத்தில் தேடியவர்கள்

நம் உடலில் இருக்கும் பாக்டீரியாவின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி என்று இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தினர் 2016-ல் கணக்கிட்டார்கள். நம்முடைய சொந்த செல்களின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட அவ்வளவே. அந்த பாக்டீரியாவில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்க வைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் உணவு.

குடலிலிருந்து மூளைக்கு வேகஸ் என்ற நீண்ட நரம்பு போகிறது. அந்த வழியாகவும், ரத்தத்தில் கலக்கும் ஹார்மோன்கள் வழியாகவும், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வழியாகவும் குடல் மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. உடலின் செரட்டோனினில் 90 விழுக்காட்டுக்கு மேல் குடலில்தான் உற்பத்தியாகிறது என்ற தகவலை வாட்ஸ்அப்பில் அடிக்கடி பார்க்கலாம். உண்மைதான். ஆனால் அந்த செரட்டோனின் நேராக மூளைக்குள் போவதில்லை. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பைத் தாண்ட அதனால் முடியாது. 'குடலைச் சரி செய்தால் மனம் சரியாகும்' என்று இதை வைத்து ஒரே வரியில் முடிப்பவர்களை நம்பாதீர்கள்.

அனோரெக்சியா நோயாளிகளின் மலத்தை ஆராய்ந்த முதல் ஆய்வுகளில் ஒன்று பிரான்சின் மார்செய் நகரில் நடந்தது. 2009-ல் வெளியான அதில் ஒன்பது நோயாளிகள்தான். அவர்களிடம் மெத்தனோபிரெவிபாக்டர் ஸ்மித்தி என்ற நுண்ணுயிர் கூடுதலாக இருந்தது. குடல் பாக்டீரியா நொதிக்கும்போது வெளியிடும் ஹைட்ரஜனை எடுத்து மீத்தேன் வாயுவாக மாற்றுவது இதன் தொழில். கிடைக்கும் கொஞ்ச உணவிலிருந்து கடைசிச் சொட்டுச் சக்தியையும் பிழிந்தெடுக்க இது உதவலாம் என்று ஆய்வாளர்கள் எண்ணினார்கள். மீத்தேன் அதிகமானால் குடல் அசைவு மந்தமாகி மலச்சிக்கல் வருவது தனியே அறியப்பட்ட சங்கதி. அனோரெக்சியா நோயாளிகளிடம் மலச்சிக்கல் மிகச் சாதாரணம்.

அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் சிந்தியா புலிக், இயன் கேரல் ஆகியோரின் குழு, 2015-ல் வெளியான ஆய்வுக்காக 16 பெண்களின் மலத்தை மருத்துவமனையில் சேர்ந்த அன்று எடுத்தது. எடை தேறியவர்களிடம் வீடு திரும்பும்போது மறுபடி எடுத்தது. சேர்ந்தபோது பாக்டீரியா வகைகள் குறைந்து, குடல் வறண்ட காடாகக் கிடந்தது. உணவு கொடுத்து எடை ஏறியபோது வகைகளும் கூடின. ஆனால் ஆரோக்கியமானவர்களின் அளவை எட்டவில்லை. மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்தவர்களிடம் வகைகளும் குறைவாக இருந்தன.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு ஜெர்மனியிலிருந்து வந்தது. ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தின் இசபெல் மாக்கும் சகாக்களும் 55 நோயாளிகளையும், சராசரி எடையுள்ள 55 பேரையும் ஒப்பிட்டார்கள். உணவு வராத குடலில் நார்ச்சத்தைத் தின்னும் இனங்கள் மெலிந்துபோயிருந்தன. குடல் சுவரைப் போர்த்தியிருக்கும் சளிப் படலத்தையே தின்னும் இனங்கள் பெருகியிருந்தன. புரதத்தை நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் கூடியிருந்தன. சிகிச்சையில் எடை ஏறிய பிறகும் இந்த மாற்றங்கள் முழுசாகத் திரும்பவில்லை. நோயாளிகளின் வயிற்று உபாதையும் தீரவில்லை. எடை ஏறிவிட்டது, அட்டவணைப்படி நோயாளி தேறிவிட்டார், ஆனாலும் வயிறு உப்புகிறது, வலிக்கிறது என்கிறார். அந்தப் புகாருக்கு உடலில் ஒரு தடயம் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போய் மறுபடி உணவை ஒதுக்கும் ஒரு பெண்ணை இதற்குப் பிறகும் வெறும் பிடிவாதக்காரி என்று சொல்ல மனம் வருமா?

பசியடக்கும் ஹார்மோன்போல் வேடமிட்ட புரதம்

பாக்டீரியா எந்த வழியில் பசியைத் தொடும் என்பதற்கு மிகத் துல்லியமான விடையை முன்வைத்தவர்கள் பிரான்சின் ரூவான் நகரத்தவர்கள். அவர்களில் ஒருவரான செர்கேய் ஃபெட்டிசோவ் அதற்கு முன் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அனோரெக்சியா, புலிமியா நோயாளிகளில் பலரின் ரத்தத்தில், ஆல்ஃபா-எம்.எஸ்.ஹெச். என்ற மூளை ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிரணுக்கள், அதாவது ஆன்டிபாடிகள், இருப்பதை 2002-ல் அவர் குழு கண்டது. 'போதும், நிறுத்து' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. அது போய் ஒட்டும் ஏற்பியில் மரபணுக் குறை இருந்தால் சிறு வயதிலேயே கடும் உடல் பருமன் வரும். பசிக் கட்டுப்பாட்டில் அதற்கு அவ்வளவு முக்கிய இடம்.

உடல் ஏன் தன் சொந்த ஹார்மோனுக்கு எதிராகவே எதிரணு தயாரிக்க வேண்டும்? பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2014-ல், ரூவான் குழு ஒரு பதிலோடு வந்தது. நம் எல்லோர் குடலிலும் இருக்கும் ஈ.கோலை பாக்டீரியா, வெப்பம் போன்ற நெருக்கடியில் தன் மற்றப் புரதங்களைக் காத்துக்கொள்ள கிளெப்-பி என்றொரு புரதத்தை உண்டாக்குகிறது. அந்தப் புரதத்தின் ஒரு துண்டு, ஆல்ஃபா-எம்.எஸ்.ஹெச். போலவே தோற்றம் கொண்டது. பாக்டீரியாவின் புரதத்தை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிரணு, வேடத்தில் ஏமாந்து உடலின் ஹார்மோனையும் பிடித்துக்கொள்கிறது. அந்த ஹார்மோனின் வேலை ஏறவும் கூடும், இறங்கவும் கூடும். அனோரெக்சியா, புலிமியா, மிகைத் தீனி என்று ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தெரியும் நோய்கள் ஒரே வேரிலிருந்து கிளைக்க இது வழிவிடுகிறது.

எலிகளிலும் சோதித்தார்கள். சாதாரண ஈ.கோலையைக் குடித்த எலிகள் குறைவாகத் தின்றன, எடை குறைந்தன. கிளெப்-பி மரபணுவை நீக்கிய ஈ.கோலையைக் குடித்தவற்றுக்கு அப்படி ஆகவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து 'செல் மெட்டபாலிசம்' இதழில் அவர்கள் எழுதியது இன்னும் சுவாரசியம். ஊட்டம் கிடைத்த பாக்டீரியா சுமார் 20 நிமிடம் பெருகிவிட்டு நின்றுவிடுகிறது. நின்ற பிறகு அது உண்டாக்கும் புரதங்கள் வேறு. அந்தப் புரதங்களைக் கொடுத்தால் எலிகள் குறைவாகத் தின்கின்றன. நாம் சாப்பிட உட்கார்ந்து வயிறு நிறைந்ததாக உணர ஆகும் நேரமும் ஏறக்குறைய அதுதான்.

அழகான விளக்கம் என்பதற்காகவே நான் இதில் எச்சரிக்கையாக இருக்கிறேன். எலிக்கும் மனிதருக்கும் இடையில் தூரம் அதிகம். நோயாளிகளின் ரத்தத்தில் எதிரணுவைப் பார்த்தது ஒரு தொடர்பு மட்டுமே, காரணம் என்று நிரூபணமாகவில்லை. இந்தக் கண்டுபிடிப்பிலிருந்து ரூவான் ஆய்வாளர்கள் தொடங்கிய நிறுவனம் கிளெப்-பி உண்டாக்கும் வேறொரு பாக்டீரியாவைச் சோதித்து, அதை எடை குறைக்க விரும்புவோருக்கான புரோபயாட்டிக்காக முதலில் கொண்டுவந்தது. அனோரெக்சியாவைப் புரிந்துகொள்ளத் தொடங்கிய தேடல், பசியைக் குறைக்கும் மாத்திரையாகக் கடைக்கு வந்தது. உணவைக் கண்டு நடுங்கும் ஒரு பெண் எதை முதலில் தேடி வாங்குவாள் என்று யோசித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தொற்றும் மருந்தும்

டென்மார்க்கில் 1989 முதல் 2006 வரை பிறந்த 5,25,643 பெண் பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். கடும் தொற்று நோயால் மருத்துவமனையில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, பிற்பாடு அனோரெக்சியா வரும் வாய்ப்பு 22 விழுக்காடு அதிகம்; புலிமியா வரும் வாய்ப்பு 35 விழுக்காடு அதிகம். தொற்று வந்த முதல் மூன்று மாதங்களில் அபாயம் உச்சத்தில் இருந்தது. ஆன்டிபயாடிக் போன்ற தொற்று மருந்துகள் வாங்கியவர்களிடமும் இதே போக்கு. 2019-ல் 'ஜாமா சைக்கியாட்ரி' இதழில் வந்தது இது.

குற்றவாளி கிருமியா, அதற்கு எதிராக உடல் மூட்டிய அழற்சியா, குடலைத் துடைத்தெடுத்த மருந்தா என்று அந்தப் பதிவுகளால் பிரித்துச் சொல்ல முடியாது. நோயுற்ற நாட்களில் சாப்பிடாமல் கிடந்து எடை இறங்குவதே தூண்டுதலாக இருந்திருக்கலாம். இருந்தாலும் ஒரு பெற்றோராக இதை நினைவில் வைக்கலாம்: டைபாய்டோ டெங்குவோ வந்து தேறிய பிள்ளைக்குப் பசி வாரக்கணக்கில் திரும்பவில்லை, எடை இறங்கிக்கொண்டே போகிறது என்றால் 'காய்ச்சல் விட்ட வாய், தானா சரியாகும்' என்று இருந்துவிடாமல் கவனிக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில் கால்டெக் ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆய்வில் எலிகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துக் குடல் பாக்டீரியாவைக் குறைத்தார்கள். வழக்கமான தீனியை அந்த எலிகள் எப்போதும்போலத்தான் தின்றன. சர்க்கரை நிறைந்த தீனியை வைத்ததும், இரண்டு மணி நேரத்தில் மற்ற எலிகளைவிட 50 விழுக்காடு அதிகம் தின்று தீர்த்தன. சாதாரண எலியின் பாக்டீரியாவைத் திரும்பக் கொடுத்ததும் அந்த வெறி அடங்கியது. பசிக்கும் ருசி வெறிக்கும் வித்தியாசம் இருப்பதை அந்தப் பாக்டீரியா அறிந்திருப்பதுபோல இருந்தது. அளவு மீறித் தின்றுவிட்டு அவமானத்தில் அழுகிறவர்களுக்கு, அது ஒழுக்கக் குறைவு என்று நாம் சொல்லிவந்த தீர்ப்பை இந்த எலிகள் கேள்வி கேட்கின்றன.

முதலில் வந்தது எது?

இந்தத் துறையை உறங்கவிடாத கேள்வி ஒன்று உண்டு. பாக்டீரியா மாறியதால் நோய் வந்ததா, பட்டினியால் பாக்டீரியா மாறியதா? பெரும்பாலான ஆய்வுகளில் நோயாளிகளைப் பார்க்கும்போதே அவர்கள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பட்டினியில் இருந்தவர்கள். அவர்கள் நோயுறும் முன் குடல் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லை.

பட்டினி மட்டுமே என்னென்ன செய்யும் என்பதற்குப் பழைய, கனமான சான்று ஒன்று உண்டு. 1944-45-ல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். போரில் பஞ்சம் கண்ட ஐரோப்பாவை எப்படி மீட்பது என்று அறியவே அந்தச் சோதனை. உடலும் மனமும் திடமானவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்ட ஆண்கள் அவர்கள். எடையில் கால் பங்கு குறைந்தபோது சோர்ந்தார்கள், எரிந்து விழுந்தார்கள், தனிமையை நாடினார்கள். நாள் முழுதும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைக் கலந்து, பிரித்து, மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். மறுபடி உணவு கொடுத்தபோது சிலரால் தின்பதை நிறுத்த முடியவில்லை. அனோரெக்சியாவின் மனக்குறிகளாக நாம் எண்ணும் பலவற்றைப் பட்டினியே உண்டாக்கிவிட்டது.

ஆரம்பக் காரணம் பலவாகவே இருக்கும். மரபணுவும் உண்டு: 16,992 நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து 2019-ல் வந்த உலகளாவிய ஆய்வு எட்டு இடங்களைக் காட்டியது, அவற்றின் தொடர்பு மனநோய்களோடு நிற்காமல் உடலின் சர்க்கரை, கொழுப்புச் செலவோடும் இருந்தது. வீட்டுச் சூழல், வகுப்பில் கேட்ட கேலி, வயதுக்கு வந்த பெண்ணின் உடல் மீது ஊரே வைக்கும் கண், போட்டிப் படிப்பின் அழுத்தம் எல்லாம் உண்டு. ஒருமுறை பட்டினி தொடங்கிவிட்டால் குடலின் நுண்ணுயிர்கள் அந்தப் பட்டினிக்கு ஏற்ப மாறிக்கொள்கின்றன. மாறிய நுண்ணுயிர்கள் பசியையும் செரிமானத்தையும் மனப் பதற்றத்தையும் நோயின் பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன. தொடங்கிவைப்பது எதுவோ, பிடித்துவைப்பதில் குடலுக்குப் பங்கு இருக்கிறது என்ற இந்த வாசிப்பே கைவசமுள்ள சான்றுகளுக்கு நேர்மையானது என்பது என் முடிவு. பட்டினியில் இரைப்பை காலியாகும் வேகமும் குறைந்துபோகிறது. 'ரெண்டு வாய்லயே நெஞ்சு வரைக்கும் நிக்குது' என்று பிள்ளை சொல்வது உடலளவில் உண்மை.

பாக்டீரியாவுக்கு உணவளித்தால் மெலிந்த உடல் தேறுமா? இதற்கு நம்பிக்கை தரும் சான்று டாக்காவின் மிர்பூர் குடிசைப் பகுதியில் கிடைத்தது. அது உண்ணல் கோளாறு பற்றியதல்ல, ஏழைக் குழந்தைகளின் ஊட்டக் குறைவு பற்றியது. ஆய்வாளர்கள் தஹ்மீத் அகமதும், அமெரிக்காவின் ஜெஃப்ரி கோர்டனும் கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவற்றிலிருந்து ஒரு கலவையைத் தயாரித்தார்கள். ஊட்டம் குறைந்த குழந்தையின் குடலில் பின்தங்கிப்போன பாக்டீரியா இனங்களை வளர்ப்பதற்கென்றே பொறுக்கிய பொருட்கள். ஒன்று முதல் ஒன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்கு மூன்று மாதம் கொடுத்தார்கள். வழக்கமாகத் தரும் சத்துணவைவிட இதில் கலோரி குறைவு. ஆனாலும் இதைச் சாப்பிட்ட குழந்தைகள் வேகமாகத் தேறினார்கள். 2021-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதை வெளியிட்டது. அனோரெக்சியா நோயாளியின் உணவைத் திட்டமிடும்போது கலோரியை மட்டும் எண்ணாமல், குடலில் யாருக்குச் சோறு போடுகிறோம் என்றும் கேட்க வேண்டும் என்ற யோசனைக்கு இது வலுச் சேர்க்கிறது. அந்தச் சோதனையை அனோரெக்சியாவில் முறையாகச் செய்து பார்க்க வேண்டும்.

இப்போது கையில் இருப்பது

ஆம்ஸ்டர்டாமில் அனோரெக்சியாவிலிருந்து மனதளவில் மீண்ட பிறகும் எடை ஏறாமல் தவித்த ஒரு பெண்ணுக்கு, ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து பாக்டீரியாவை எடுத்துச் செலுத்தினார்கள். 36 வாரங்களில் எடை 13.8 விழுக்காடு கூடியது என்று 2019-ல் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒரு நோயாளி; ஒப்பிட இன்னொருவர் இல்லை. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தார் இதேபோல் ஆரோக்கியமானவர்களின் குடல் பாக்டீரியாவைக் கேப்சூல்களில் அடைத்து இளம் பெண்களிடம் சோதிக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். இவையெல்லாம் ஆய்வுக்கூட எல்லைக்குள் இருக்க வேண்டியவை. வீட்டில் செய்து பார்க்கத் துணிந்தால் உயிருக்கே ஆபத்தான தொற்று வரலாம்.

புரோபயாட்டிக் பொட்டலமோ, விலையுயர்ந்த மலப் பரிசோதனையோ உண்ணல் கோளாறைக் குணப்படுத்தும் என்பதற்கு இன்று ஆதாரம் இல்லை. மோர் குடிப்பது நல்லதுதான். அது சிகிச்சை ஆகாது. 'குடலைச் சுத்தம் செய்கிறோம்' என்ற பேதி மருந்துகளும் விரதப் பொதிகளும் இவர்களுக்கு நஞ்சு. பேதி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

பயன் நிரூபணமான சிகிச்சைகள் உண்டு. அனோரெக்சியா உள்ள பதின்பருவப் பிள்ளைகளுக்கு, லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்ப வழிச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. அதில் பெற்றோரைக் குற்றவாளியாகப் பார்க்காமல், பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்டும் பொறுப்பை அவர்களிடமே தருகிறார்கள். புலிமியாவுக்கும் மிகைத் தீனிக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சுச் சிகிச்சை உதவுகிறது.

மிகவும் மெலிந்துபோனவருக்கு வீட்டிலேயே அவசர அவசரமாக வயிறு நிறைய ஊட்டிவிடக் கூடாது. நீண்ட பட்டினிக்குப் பிறகு உணவு திடீரென்று வந்தால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமும் மூச்சும் நின்றுபோகக்கூடும். ரத்தப் பரிசோதனை செய்தபடி படிப்படியாக உணவைக் கூட்ட மருத்துவமனையால்தான் முடியும்.

வயிறு உப்புகிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். நம்புவது வேறு, அதற்காக அடுத்த வேளைச் சாப்பாட்டை விட்டுவிடுவது வேறு. "உனக்கு உண்மையாவே கஷ்டமா இருக்கு, தெரியுது. சாப்பிடச் சாப்பிடத்தான் இந்தக் குடல் பழையபடி வேலை செய்யும். நான் பக்கத்துல உக்காந்திருக்கேன்" என்று சொல்லலாம். மந்தமாகிப்போன இரைப்பை மறுபடி வேகம் பிடிப்பதற்கும், ஒடுங்கிப்போன பாக்டீரியா இனங்கள் தலைதூக்குவதற்கும் உணவைத் தவிர வேறு வழி இல்லை. மலச்சிக்கல், வயிற்று வலி, சீக்கிரம் வயிறு நிறைதல் ஆகியவற்றை மனநல மருத்துவரிடமும் சொல்லுங்கள். 'அது வயிற்று டாக்டர் வேலை' என்று ஒதுக்காத மருத்துவராகப் பாருங்கள். எடை ஏறியதும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டாம். ட்யூபிங்கன் ஆய்வு காட்டியபடி, குடல் அதற்குப் பிறகும் பின்தங்கியே இருக்கிறது; மறுபடி நோய் திரும்பும் ஆபத்துள்ள மாதங்கள் அவை.

சிறு ஊர்களில் உண்ணல் கோளாறு தெரிந்த மருத்துவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். மயக்கம், நெஞ்சு படபடப்பு, சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிடுதல், உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போன் எண்ணைத் தேடிக்கொண்டிருக்காமல் அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போய்விடுங்கள்.